பனிமலைக்குக்கூட ஏர்போர்ட் இருக்கு... குமரிக்கு மட்டும் ஏன் இல்லை?

மணாலிக்குப் போய்ப் பனிச்சறுக்கு விளையாட ஆசைப்படுகிறவர், வானிலை மனசு வைத்தால், டெல்லியில் விமானம் ஏறி புந்தரில் இறங்கிவிடலாம். அங்கிருந்து மணாலி சுமார் 50 கிலோமீட்டர். குல்மார்க்கில் சறுக்க வேண்டும் என்றால் ஸ்ரீநகரில் இறங்க வேண்டும். அதுவும் ஏறத்தாழ அதே தூரம்தான். ஆனால், கடலும் சமவெளியும் உள்ள கன்னியாகுமரிக்கு சூரிய உதயம் பார்க்க வருகிறவர், இன்னொரு மாநிலத்தின் தலைநகரில் இறங்கி, எல்லையைத் தாண்டி, 90 கிலோமீட்டர் சாலையில் வர வேண்டும்.

பிரதமருக்கும் இதே கதைதான். 2024 மே 30 அன்று விவேகானந்தர் பாறையில் தியானம் செய்ய வந்த நரேந்திர மோடி, திருவனந்தபுரத்தில் விமானத்திலிருந்து இறங்கி, ஹெலிகாப்டர் மாறித்தான் கன்னியாகுமரி வந்தார். அவருக்கு ஹெலிகாப்டர் இருந்தது. நாகர்கோவில்காரருக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டும் வாடகை காரும்தான்.

கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது. இஸ்ரோவின் தலைவராக இருந்த கே.சிவன், நாகர்கோவில் அருகே உள்ள சரக்கல்விளைக்காரர். 2025 ஜனவரியில் அந்தப் பதவிக்கு வந்த வி.நாராயணன், மேலக்காட்டுவிளைக்காரர். மாவட்ட எல்லையை ஒட்டிய மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கிறார்கள். நிலவுக்கு ராக்கெட் அனுப்பும் ஆட்களைக் கொடுத்த மண்ணில், சென்னைக்குப் போக ஒரு சின்ன விமானம்கூடக் கிடையாது!

நம்ம ஏர்போர்ட்தான்... ஒரு காலத்தில்!

'குமரிக்கு ஏர்போர்ட்டே இருந்ததில்லை' என்று சொல்வது முழு உண்மை அல்ல. இருந்தது. எல்லைக்கோடுதான் நகர்ந்துவிட்டது.

1930-களில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஒரு பகுதி. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களில் விளைந்த நெல்தான் சமஸ்தானத்துக்குச் சோறு. தலைநகரம் திருவனந்தபுரம். அங்கே 1932-ல் விமானத்தளம் உருவாக முனைந்து நின்றவர், அரச குடும்பத்தில் பெண் எடுத்த கர்னல் கோதவர்ம ராஜா. கேரளத்தில் 'ஜி.வி.ராஜா' என்றால்தான் தெரியும். விமானம், விளையாட்டு, சுற்றுலா என்று எதிலும் நிற்காமல் ஓடிய மனிதர்.

1935 அக்டோபர் 29 அன்று, டாடா நிறுவனத்தின் சின்னஞ்சிறு 'ஃபாக்ஸ் மோத்' விமானத்தை ஓட்டிக்கொண்டு நெவில் வின்சென்ட் அங்கே வந்து இறங்கினார். மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்துத் தபால் அந்த விமானத்தில் இருந்தது. நவம்பர் 1 அன்று, தபால் மூட்டையுடன் அதே விமானம் பம்பாய்க்குத் திரும்பியது. திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பிய முதல் விமான சர்வீஸ் அதுதான்.

அந்தத் தேதியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சரியாக 21 ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த நீண்ட போராட்டத்தின் பலன் அது. மக்கள் உயிரைக் கொடுத்து வாங்கிய எல்லை. தமிழ் மண் தமிழகத்துக்கு வந்தது. ஏர்போர்ட் அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

ஜி.வி.ராஜாவின் முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்கோடியில் விமானத்தளம் அமைத்த அவர், 1971 ஏப்ரல் 30 அன்று இமயமலையின் குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் இறந்தார். மணாலி போகிறவர்கள் இறங்கும் புந்தர் ஏர்போர்ட் இருப்பதும் அதே பள்ளத்தாக்கில்தான்.

மலை ஏர்போர்ட் என்ன சொல்லிக்கொடுக்கிறது?

'புந்தருக்கு ஏர்போர்ட் இருக்கும்போது நமக்கு ஏன் இல்லை' என்று கேட்பது எளிது. புந்தர் ஏர்போர்ட் எப்படி நடக்கிறது என்று பார்த்தால், கேள்வி கொஞ்சம் சிக்கலாகிறது.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,090 மீட்டர் உயரத்தில், பியாஸ் ஆற்றை ஒட்டி, இரு பக்கமும் மலைகள் நெருக்க நிற்கிறது அந்தத் தளம். ஓடுபாதையின் நீளம் 1,100 மீட்டரைச் சற்றே தாண்டும். உயரம் கூடக்கூடக் காற்று மெலியும். மெலிந்த காற்றில் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை குறையும். அதனால், விமானம் எழும்புவதற்கு இன்னும் நீளமான ஓட்டம் தேவைப்படும். அங்கே அதற்கு இடம் இல்லை. ஆகவே, சிறிய ஏ.டி.ஆர். விமானம்தான் வரும். அதிலும் கிளம்பும்போது எல்லா இருக்கைகளையும் நிரப்ப முடியாது. மேகம் இறங்கினால் விமானம் ரத்து. பயணி டாக்ஸி பிடிக்க வேண்டியதுதான்.

ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் ஏர்போர்ட் இதன் பணக்கார அண்ணன். 1964, 1976 என இரண்டு முறை குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். பனிக்காலத்தில் ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து சறுக்குப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வரும் கூட்டத்துக்காகவே சிறப்பு விமானங்கள் இறங்கும். அங்கேயும் பள்ளத்தாக்குக் காற்று பொல்லாதது. அந்த ஓடுபாதைக்கெனத் தனிப்பயிற்சி எடுத்த விமானிகள்தான் இறக்க முடியும்.

இந்த மாதிரி ஏர்போர்ட்டுகளுக்கு உயிர்நாடி, சீசன். அது இல்லாத மாதங்களில் யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி. 2017 ஏப்ரல் 27 அன்று மத்திய அரசின் 'உடான்' திட்டத்தின் முதல் விமானம் கிளம்பியதும் ஒரு மலை ஏர்போர்ட்டிலிருந்துதான். சிம்லாவிலிருந்து டெல்லிக்கு. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளின் கட்டணத்துக்கு வரம்பு வைத்து, நஷ்டத்தை அரசு ஈடுகட்டும் ஏற்பாடு அது. மலை ஊர்களுக்கு அப்படி உதவுவதில் நியாயம் இருக்கிறது. அங்கே ஒரு நிலச்சரிவு போதும், சாலை மூடிவிடும். குமரிக்கு அந்த வாதம் பொருந்துமா?

நாகர்கோவில் டூ திருவந்தரம்

குமரிக்காரர்கள் வாயில் அது 'திருவந்தரம்'தான். நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 65 முதல் 70 கிலோமீட்டர். நல்ல சாலையில் ஒன்றேகால் மணி நேரம். ஆனால், அந்தச் சாலையில் கிளம்பிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சுங்கான்கடையில் ஊர்ந்து, தக்கலையில் நின்று, மார்த்தாண்டத்தில் மேம்பாலம் ஏறி இறங்கி, களியக்காவிளையைத் தாண்டுவதற்குள் வாட்ச்சைப் பத்து தடவை பார்த்திருப்பார்கள். பத்து மணி ஃபிளைட்டுக்கு விடிவதற்கு முன்பே வண்டி வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரை வழியனுப்ப ஒரு வேன் நிறையச் சொந்தங்கள் கிளம்பும் வழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. அம்மா, மாமா, சித்தி, கைக்குழந்தை, மட்டிப்பழக் குலை, நேந்திரங்காய் சிப்ஸ், மீன் ஊறுகாய் பாட்டில். எடை கூடிவிட்டால் ஏர்போர்ட் வாசலிலேயே பெட்டியைப் பிரித்து, ஊறுகாயா, வேட்டியா என்று முடிவெடுக்கும் காட்சியும் உண்டு. வளைகுடாவில் கட்டட வேலை, எண்ணெய் நிறுவன வேலை, மீன்பிடி வேலை என்று குமரியின் எத்தனையோ வீடுகள் இந்த ஏர்போர்ட்டை நம்பித்தான் எழும்பியிருக்கின்றன. வேலை செய்யும் இடத்தில் இறந்துபோனவர்களின் உடல்கள் வந்து சேர்வதும் இங்கேதான். அந்த இரவுகளில் சரக்கு முனையத்துக்கு வெளியே ஆம்புலன்ஸோடு காத்திருக்கும் குடும்பங்களுக்கு, கையில் இருக்கும் காகிதங்களை இரண்டு மாநிலத்துக்கும் ஏற்றபடி வைத்திருக்க வேண்டிய கவலையும் சேர்ந்துகொள்ளும்.

2020 கொரோனா காலம் இதை எல்லோருக்கும் புரியவைத்தது. களியக்காவிளையில் தடுப்பு போட்டு, இ-பாஸ் கேட்டபோது, பக்கத்து வீடு போல இருந்த ஏர்போர்ட் ஒரே நாளில் வெளியூர் ஆகிவிட்டது.

தோவாளைப் பூவுக்கும் இந்த வழிதான். அதிகாலைச் சந்தையில் கட்டும் மல்லிகையும் பிச்சியும் கேரளத்துக்கு லோடு லோடாகப் போவது போக, ஒரு பங்கு விமானம் ஏறி வளைகுடாவுக்குப் போகிறது. பூ காத்திருக்காது. சாலையில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் பூ வியாபாரியின் கணக்கில் வாடல்தான்.

சாலையைப் பற்றி இன்னொன்று. கேரள அரசின் எல்லைக்குள், கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை நான்குவழி பைபாஸ் அருமையாக வந்துவிட்டது. ஏர்போர்ட் பக்கமாகவே போகிறது. காரோடு என்பது எல்லை ஊர். அதற்கு இந்தப் பக்கம், கன்னியாகுமரி வரை போட வேண்டிய நான்குவழிச் சாலை, மண் தட்டுப்பாடு, ஒப்பந்தப் பிரச்னை என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இதே மாவட்டத்திலிருந்து கல்லும் கனிமமும் ஏற்றிய லாரிகள் கேரளத்துக்கு வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டே, 'சாலைக்கு மண் இல்லை' என்ற பதிலையும் மக்கள் கேட்டார்கள். ஏர்போர்ட் கேட்பவர்களின் கோபத்தில் பாதி, உண்மையில் இந்தச் சாலை மேல் உள்ள கோபம்தான்.

ஆண்டுக்கு இரண்டு நாள், ரன்வேயில் சாமி

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு உலகத்தில் வேறெங்கும் காண முடியாத ஒரு வழக்கம் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனி ஆராட்டு நாள்களில், சாமி ஊர்வலம் ஓடுபாதையைக் குறுக்கே கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். ஏர்போர்ட் வருவதற்கு முன்பே இருந்த வழி அது. அரச குடும்பத்தின் மூத்தவர் வாளோடு முன்னே நடக்க, யானையும் கூட்டமும் பின்னே வர, மாலையில் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படும். விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும். நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியையும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையையும் அதே திருவனந்தபுரத்துக்கு நடத்திக் கூட்டிச்செல்லும் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது ஒன்றும் புதுமையாகத் தெரியாது.

2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் அவசரமாக இறங்கி, பழுதாகி, ஜூலை 22 வரை அங்கேயே நின்றதும் இதே ஏர்போர்ட்டில்தான். மழையில் நனைந்துகொண்டு நின்ற அந்த விமானத்தை வைத்து வந்த மீம்ஸ், இந்த ஏர்போர்ட்டின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

1991-ல் சர்வதேச அந்தஸ்து பெற்ற இந்த ஏர்போர்ட்டை, 2021 அக்டோபர் 14 முதல் அதானி குழுமம் 50 ஆண்டு குத்தகையில் நடத்துகிறது. கேரள அரசு கடைசிவரை எதிர்த்தது. 2024 ஜூலையில் பயணிகள் கட்டணம் ஏறியபோது, உள்நாட்டுப் பயணி கிளம்புவதற்கு 506 ரூபாயாக இருந்தது 770 ஆனது. வந்து இறங்குகிறவரிடமும் 330 ரூபாய் வாங்க ஆரம்பித்தார்கள். டிக்கெட்டோடு சேர்ந்துவருவதால் பலருக்குத் தெரிவதே இல்லை. கேரள எம்.எல்.ஏ-க்கள் குரல் கொடுக்கலாம். குமரிப் பயணிக்காகக் கேட்க வேண்டியவர்கள், இன்னொரு மாநிலத்தின் சட்டமன்றத்தில் இருக்கிறார்கள்.

சரி, சொந்த ஏர்போர்ட் கட்டினால்?

பேச்சு பலமுறை எழுந்தது. சாமிதோப்பு பக்கம் உள்ள உப்பளப் பகுதியின் பெயரும் அடிபட்டது. பட்டா நிலத்தைப் பிடுங்க வேண்டாம், அரசு நிலம் என்பது அதில் உள்ள கவர்ச்சி.

முதல் தடை, காகிதத்தில். 2008-ல் மத்திய அரசு வகுத்த கொள்கைப்படி, ஏற்கெனவே உள்ள சிவில் விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் புதிய நிலையம் பொதுவாக வராது. வர வேண்டும் என்றால், பழைய நிலையத்துக்கு என்ன பாதிப்பு என்று ஆராய்ந்து, மத்திய அரசு தனியாக முடிவெடுக்க வேண்டும். நாகர்கோவிலுக்கு மேற்கே திருவனந்தபுரம், கிழக்கே தூத்துக்குடி. இரண்டுமே அந்த வட்டத்துக்குள்.

இரண்டாவது, நிலம். 1,684 சதுர கிலோமீட்டரில், 2011 கணக்கெடுப்பின்படி 18.7 லட்சம் பேர் வாழும் மாவட்டம் இது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. தள்ளித் தள்ளிப் பார்த்தால் மிஞ்சுவது வயல்தான். பேச்சிப்பாறைத் தண்ணீரில் விளைந்த நாஞ்சில் நாட்டு வயல்களில் எவ்வளவு வீட்டுமனையாகிவிட்டது என்பதை, நாகர்கோவிலைச் சுற்றி ஒரு தடவை பைக்கில் போனாலே பார்க்கலாம். மிச்சம் இருப்பதில் ஏர்போர்ட்டா?

மூன்றாவது, பறவைகள். சுசீந்திரம் குளமும் தேரூர் குளமும் சேர்ந்த ஈரநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறியது. குளிர்காலத்தில் ஆசியாவின் வடகோடியிலிருந்தெல்லாம் பறவைகள் வந்து இறங்கும் இடம். மணக்குடிக் காயலும் உப்பளங்களும் அவற்றின் மேய்ச்சல் நிலம். எழும்பும் விமானத்தின் இன்ஜினுக்குள் ஒரு பறவை புகுந்தாலே பேராபத்து. ஏர்போர்ட் வந்தால் ஒன்று பறவையை விரட்ட வேண்டும், அல்லது விமானத்தை.

நாலாவது, காற்று. இங்கேதான் குமரி, குலு மாதிரி ஆகிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு புனல் மாதிரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதில் நுழைந்து வேகம் பிடிக்கும். அதனால்தான் முப்பந்தல் பக்கம் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள். மின்சாரத்துக்கு வரமான அந்தக் காற்று, ஓடுபாதைக்குக் குறுக்கே அடித்தால் விமானிக்குச் சோதனை. நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் காற்றாலைகள் விமானப் பாதைக்குத் தடங்கலும்கூட. இவை எதுவும் தீர்க்க முடியாதவை அல்ல. ஆனால், ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. அந்த விலைக்கு ஈடாகத் தினமும் எத்தனை பேர் பறப்பார்கள் என்ற கணக்கை, ஏர்போர்ட் வாக்குறுதி கொடுக்கும் யாரும் தேர்தல் மேடையில் சொல்வதில்லை.

இதற்கிடையே தூத்துக்குடி முந்திக்கொண்டது. வாகைக்குளத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக நீட்டி, சுமார் 450 கோடி ரூபாயில் புது முனையம் கட்டி, 2025 ஜூலை 26 அன்று திறந்துவிட்டார்கள். தோவாளை, ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு இது மோசமில்லை. திருநெல்வேலி வழி சாலை தாராளமானது, நெரிசல் குறைவு, எல்லைத் தொல்லை கிடையாது. விளவங்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு இது பயன்படாது. தூத்தூரிலிருந்து பார்த்தால் திருவனந்தபுரம்தான் அடுத்த தெரு.

ஹெலிகாப்டருக்கு மட்டும் ஏன் இடம் இல்லை?

ஏர்போர்ட் விவாதத்தில் அடிக்கடி மறந்துபோகிற ஒன்று இருக்கிறது. 2017 நவம்பர் 29, 30. ஒக்கி புயல்.

ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி மீனவர்கள் கடலில் சிக்கிக்கொண்டார்கள். கரையில் இருந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வானத்திலிருந்து தேடுங்கள். விமானப்படையின் தென்பிராந்தியத் தலைமையகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. தேடல் நடந்தது. ஆனால், உடனே வரவில்லை, போதுமானதாக இல்லை, ஆழ்கடல்வரை போகவில்லை என்பது கடற்கரை கிராமங்களின் குற்றச்சாட்டு. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பல வீடுகளுக்கு உடல்கூட வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு மீனவர்கள் கேட்டது பயணிகள் விமானம் அல்ல. ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தோடு, மாவட்டத்திலேயே ஒரு நிரந்தர மீட்பு மையம். 150 கிலோமீட்டர் விதி அதற்குக் குறுக்கே வராது. மூன்று கிலோமீட்டர் ஓடுபாதை தேவையில்லை. வயலை அழிக்க வேண்டாம். கன்னியாகுமரியில் வி.ஐ.பி-க்கள் இறங்க ஹெலிபேட் இருக்கத்தானே செய்கிறது? 37 கோடி ரூபாயில் திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் போட்டு, 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். சுற்றுலாவுக்கு நல்ல விஷயம்தான். அதே கடலில் பிழைக்கிறவர்களின் கோரிக்கை, ஏர்போர்ட் கனவைவிடச் சிறியது, மலிவானது. ஆனால், அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

கிளம்பும் முன் கவனிக்க...

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறப்போகிறவர்கள் டிக்கெட்டில் முனையத்தின் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். டெர்மினல் 1 சங்குமுகம் கடற்கரைப் பக்கம். டெர்மினல் 2 சாக்கை பக்கம். நடுவே ஓடுபாதை கிடக்கிறது, சாலையில் சுற்றித்தான் போக வேண்டும். உள்நாட்டு விமானம் என்றால் எப்போதும் டெர்மினல் 1 என்று நினைத்துவிட வேண்டாம். சில உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 2-லிருந்தும் கிளம்புகின்றன.

ஐப்பசி, பங்குனியில் பயணம் என்றால் ஆராட்டுத் தேதியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மாலை விமான நேரங்கள் மாறும். சென்னைக்குத்தான் போகிறீர்கள், அவசரம் இல்லை என்றால், 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடும் நாகர்கோவில் - சென்னை எழும்பூர் வந்தே பாரத் சுமார் 9 மணி நேரத்தில் கொண்டுசேர்க்கும். விடிவதற்கு முன் வேன் பிடித்து, களியக்காவிளை தாண்டி, இரண்டு மணி நேரம் முன்னதாக ஏர்போர்ட்டில் உட்கார்ந்து, சென்னையில் இறங்கி, மீனம்பாக்கத்திலிருந்து வீடு போய்ச் சேரும் நேரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.